ஊருக்குப் போய் வந்தால் ஓராண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்குமா?

கேள்வி: நான் நாகர்கோவிலைச் சேர்ந்தவள், செவிலியர். சென்ற ஆண்டு அக்டோபர் 14 அன்று வேலை விசாவில் இங்கிலாந்துக்கு வந்தேன். முதலில் மருத்துவமனை வார்டில் வேலை. மே மாதம் முதல் லிங்கன்ஷயர் பகுதியில் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று கவனிக்கும் பணியில் இருக்கிறேன். பேருந்து குறைவான ஊர்கள் என்பதால் பழைய கார் ஒன்றை வாங்கி, தமிழ்நாட்டு லைசென்ஸை வைத்து ஓட்டி வருகிறேன். ஊரில் ஒன்பது ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன்; கியர் வண்டிதான். புறப்படும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்டர்நேஷனல் லைசென்ஸும் வாங்கி வந்தேன். நம் ஊர் லைசென்ஸ் இங்கே ஓராண்டுக்குத்தான் செல்லும் என்கிறார்கள். ஆனால் ஆவணிக் கடைசியில் தம்பி கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால் அந்த ஓராண்டு முதலிலிருந்து தொடங்கும் என்று உடன் வேலை செய்பவர்கள் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். இன்டர்நேஷனல் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டாலே போதும் என்கிறார் இன்னொருவர். பிப்ரவரியில் வந்து சேர்ந்த என் கணவரிடம் துபாயில் டெஸ்ட் கொடுத்து வாங்கிய லைசென்ஸ் இருக்கிறது. அவருக்கும் இதே கணக்குதானா? காருக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன். இங்குள்ள லைசென்ஸுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டதற்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடங்காது. நீங்கள் இந்த நாட்டில் குடியிருக்க வந்த நாள் அக்டோபர் 14. அன்றிலிருந்து ஓராண்டுதான் உங்கள் தமிழ்நாட்டு உரிமத்துக்கு இங்கே மதிப்பு. இடையில் கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ எத்தனை முறை ஊருக்குப் போய்த் திரும்பினாலும் அந்த நாள் மாறுவதில்லை. ஆகவே வரும் அக்டோபர் 13ஆம் தேதி இரவோடு உங்கள் அனுமதி முடிகிறது என்று வைத்துக்கொண்டு, அதற்குள் செய்யக்கூடியதையும் அதற்குப் பிறகு செய்யக்கூடாததையும் இன்றே திட்டமிடுங்கள். உங்களுக்கு மிஞ்சியிருப்பது இரண்டு மாதங்களும் சில நாட்களுமே.

இங்கிலாந்தில் ஓட்டுநர் பயிற்றுநராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்ட எனக்கு, உங்கள் தோழிகள் சொன்ன கதை புதிதன்று. அது முழுக்கக் கற்பனையும் அன்று. வேறொருவருக்குப் பொருந்தும் விதியை உங்களுக்குப் பொருத்திச் சொல்கிறார்கள். மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கிப் போக வரும் ஒரு தகப்பனார், ஊரிலேயே குடியிருப்பவர், இங்கே விருந்தாளி. அவருக்கு 12 மாதக் கணக்கு அவர் கடைசியாக நாட்டுக்குள் நுழைந்த தேதியிலிருந்து ஓடும். அடுத்த ஆண்டு மறுபடி வந்தால் மறுபடி தொடங்கும். இங்கேயே வேலை செய்து, வாடகை கட்டி, வரி செலுத்தி வாழ்பவருக்குச் சட்டம் வேறு தேதியைப் பார்க்கிறது. அவர் குடியிருப்பவராக ஆன நாள் எது என்பதே கேள்வி. 1999ஆம் ஆண்டின் ஓட்டுநர் உரிம விதிகளில் இந்த இரண்டும் தனித்தனியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. விமான நிலைய முத்திரை புதிதாக விழுந்துவிட்டதால் நீங்கள் விருந்தாளி ஆகிவிடுவதில்லை. உங்கள் விசா தொடங்கிய தேதி, முதல் சம்பளச் சீட்டு, வீட்டு ஒப்பந்தம், மருத்துவரிடம் பதிவு செய்த நாள் என்று நீங்கள் இங்கேயே வாழ்கிறீர்கள் என்பதைக் காட்ட எத்தனையோ தாள்கள் இருக்கின்றன. காவலர் சாலையோரத்தில் கேட்காவிட்டாலும், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் கேட்கும்.

இன்டர்நேஷனல் லைசென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அதைத் தனி உரிமம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே மிகப் பலர். உண்மையில் அது உங்கள் ஊர் உரிமத்தின் மொழிபெயர்ப்புத் தாள் போன்றது. ஊர் உரிமம் எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவு தூரமே அதுவும் செல்லும். கூடுதலாக ஒரு நாளைக்கூட அதனால் வாங்கித்தர முடியாது. தம்பியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பி அதைப் புதுப்பிக்கச் செலவிடும் பணமும் அலைச்சலும் வீண். கனடாவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் உறவினர்கள் சொல்லும் கணக்கையும் இங்கே கொண்டுவராதீர்கள். ஒண்டாரியோவில் புதிதாகக் குடியேறுபவருக்கு 60 நாள், ஜெர்மனியில் 6 மாதம், இங்கே 12 மாதம். ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் கணக்கு.

இதுவரை நீங்கள் ஓட்டியதைப் பற்றி உரிமத்தின் அளவில் கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் இந்திய உரிமம் காலாவதி ஆகாமல் இருக்கும்வரை, இந்த ஓராண்டுக்குள் சாதாரண காரை இங்கே ஓட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு. என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த கடைசி வரிகளில் ஒன்று: “காருக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன்.” எந்த வகை இன்சூரன்ஸ் என்று நீங்கள் எழுதவில்லை. கார் வாங்கும்போது வார்டில் வேலை பார்த்திருந்தீர்கள் என்றால், பெரும்பாலோரைப் போல நீங்களும் சொந்தப் பயணத்துக்கும் வேலைக்குப் போய்வருவதற்கும் மட்டுமான வகையைத்தான் எடுத்திருப்பீர்கள். வேலைக்குப் போய்வருவது என்றால் காப்பீட்டு நிறுவனங்களின் பொருளில் வீட்டிலிருந்து ஒரே ஒரு நிலையான பணியிடத்துக்குப் போவதும் திரும்புவதும்தான். காலையில் ஒரு பாட்டிக்கு இன்சுலின் போட்டு, அங்கிருந்து எட்டு மைல் தள்ளி ஒருவருக்குப் புண்கட்டு மாற்றி, பிறகு மூன்றாவது கிராமத்துக்குப் போவது அந்த வகைக்குள் வராது. அதற்குப் பிசினஸ் யூஸ் என்ற வகை வேண்டும். அது இல்லாமல் நோயாளிகளின் வீடுகளுக்கிடையே ஓட்டுவது, சட்டத்தின் பார்வையில் காப்பீடே இல்லாமல் ஓட்டுவதாகிவிடும் ஆபத்து உண்டு. முழுச் செல்லுபடியான உரிமம் கையில் இருந்தும் இந்த ஒரு காரணத்தால் வழக்கில் சிக்கிய செவிலியர் ஒருவரை எனக்குத் தெரியும். நெஞ்சறிந்து அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அந்தச் சொல்லின் பொருளை அவருக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை.

ஆகவே இந்தப் பதிலைப் படித்த கையோடு காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். உங்கள் வேலை இன்னது, ஒரு நாளில் பல இடங்களுக்குச் செல்கிறீர்கள் என்று சொல்லி, அதற்கு ஏற்ற வகைக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். அதே அழைப்பில் இன்னொன்றையும் சரிபாருங்கள். இணையத்தில் விலைகளை ஒப்பிட்டு வாங்கும்போது எந்த நாட்டு உரிமம் என்ற கேள்வி வந்திருக்கும். அங்கே பிரிட்டனின் முழு உரிமம் என்று குறித்தால் தொகை குறையும் என்பதால், நம்மவர்களில் சிலர் தெரிந்தே அப்படிக் குறித்துவிடுகிறார்கள். சிலருக்கு நண்பர்கள் குறித்துக்கொடுத்துவிடுகிறார்கள். தவறான தகவலை வேண்டுமென்றோ அலட்சியமாகவோ கொடுத்ததாகத் தெரிந்தால், ஒப்பந்தத்தையே செல்லாததாக்க 2012ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்துக்கு இடம் தருகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் இந்திய உரிமம் என்றும், எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கிறீர்கள் என்றும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கூடுதலாக நூறோ இருநூறோ பவுண்டு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

இப்போது அக்டோபர் 13க்குப் பிறகு என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஒரு குற்றம் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவது பலருக்கும் தெரிவதில்லை என்பதால் விரித்துச் சொல்கிறேன். உரிமத்தின் நிபந்தனைக்கு மாறாக ஓட்டியதற்கு 1,000 பவுண்டு வரை அபராதமும் 3 முதல் 6 வரை தண்டனைப் புள்ளிகளும் விதிக்கப்படலாம். இத்தோடு நின்றால் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஏறக்குறைய எல்லாக் காப்பீட்டு ஒப்பந்தங்களும், ஓட்டுபவரிடம் செல்லுபடியான உரிமம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் மேல்தான் நிற்கின்றன. உரிமம் போனால் காப்பீடும் சரியும். காப்பீடு இல்லாமல் ஓட்டினால் காவலரே நேரடியாக 300 பவுண்டு அபராதமும் 6 புள்ளிகளும் விதிக்கலாம். நீதிமன்றத்துக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. ஓட்டத் தடையும் விதிக்கலாம். வண்டியைச் சாலையிலேயே பறிமுதல் செய்துகொண்டு போகவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. விபத்தில் யாராவது காயம்பட்டால் காப்பீட்டு நிறுவனம் அவருக்குக் கொடுக்க நேரும் தொகையைப் பிறகு உங்களிடம் திரும்பக் கேட்க இடமுண்டு. இந்த நாட்டில் ஒரு கழுத்தெலும்புக் காயத்துக்கான இழப்பீடும் ஒருவரின் பல ஆண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடும்.

அந்த 6 புள்ளிகள் அன்றோடு போவதும் இல்லை. உங்களிடம் பிரிட்டன் உரிமம் இல்லாவிட்டாலும் உங்கள் பெயரில் ஒரு பதிவு திறக்கப்பட்டு, புள்ளிகள் அதில் ஏறும். பிறகு நீங்கள் தேர்வில் வென்று புது உரிமம் வாங்கினால் அவை அதற்கு வந்து சேரும். முதல் உரிமம் வாங்கிய 2 ஆண்டுகளுக்குள் புள்ளிகள் 6ஐத் தொட்டால் உரிமம் ரத்தாகும் என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். ஏற்கெனவே ஆறு வைத்திருப்பவர், கேமராவில் ஒரே ஒருமுறை வேகம் மீறிச் சிக்கி 3 புள்ளி வாங்கினால், தியரி எனப்படும் சாலை விதிகள் பற்றிய தேர்விலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும். வழக்கு நீதிமன்றம் வரை போய்த் தண்டனை ஆனால், நாளை நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். செவிலியர் பதிவை மிகுந்த பாடுபட்டு வாங்கியவர் நீங்கள். அந்தக் கோப்பில் இப்படி ஒரு கறை வர வேண்டாம் என்பதுதான் என் ஆசை.

இனி செய்ய வேண்டியது. முதல் வேலை ப்ரொவிஷனல் லைசென்ஸ். நம் ஊர் எல்.எல்.ஆர். போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்வான்சியில் இருக்கும் டி.வி.எல்.ஏ. அலுவலகம் அதை வழங்குகிறது; அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்டு, அஞ்சலில் 43. இதை வாங்கினால் இந்திய உரிமத்தின் மதிப்பு போய்விடும், அன்று முதலே எல் போர்டு மாட்டிக்கொண்டு பக்கத்தில் ஒருவரை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று பயந்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு இடமில்லை. ஓராண்டுச் சலுகை முடியும்வரை, ப்ரொவிஷனல் கையில் இருந்தாலும் நீங்கள் முன்போலவே தனியாக, எல் போர்டு இல்லாமல் ஓட்டலாம். இந்திய உரிமத்தை யாரிடமும் ஒப்படைக்கவும் தேவையில்லை. ஓராண்டு முடிந்த மறுநாளிலிருந்துதான் கற்போருக்கான நிபந்தனைகள் எல்லாம் உங்கள் மேல் விழும். ப்ரொவிஷனலே வாங்காமல் அந்த நாளைக் கடந்துவிட்டாலோ, அது கைக்கு வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடவே முடியாது.

ப்ரொவிஷனல் எண் கிடைத்த அன்றே தியரி தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். கட்டணம் 23 பவுண்டு. 57 நிமிடத்தில் 50 கேள்விகள். 43க்குச் சரியான விடை வேண்டும். அதை அடுத்து, சாலையில் வளர்ந்துவரும் ஆபத்தை நேரத்தில் கண்டுகொள்கிறீர்களா என்று பார்க்கும் 14 காணொளிகள். 75க்கு 44 எடுக்க வேண்டும். கேள்விகள் உங்களுக்குக் கடினமாக இருக்காது. காணொளிப் பகுதியில்தான் அனுபவசாலிகள் வழுக்குகிறார்கள். ஆபத்தை நீங்கள் பயிற்சியால் மிக முன்னதாகவே உணர்ந்து சொடுக்கிவிடுவீர்கள். மதிப்பெண் தரும் சாளரம் அதற்குப் பிறகுதான் திறக்கும். கண்டதும் ஒரு சொடுக்கு, அது உறுதியானதும் இன்னொன்று என்று பழகுங்கள். பயத்தில் ஓயாமல் சொடுக்கினால் அந்தக் காணொளிக்கே பூச்சியம் போட்டுவிடும். தியரி தேர்ச்சி 2 ஆண்டுகளுக்குச் செல்லும்.

செய்முறைத் தேர்வுக்கு வார நாளில் 62 பவுண்டு, மாலையிலும் வார இறுதியிலும் 75. தேர்வு நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 185 நாட்கள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீங்கள் ஏற்கெனவே நிறைவு செய்துவிட்டீர்கள். இந்த நிபந்தனையால் வந்த கையோடு தேர்வெழுத முடியாது, ஓராண்டு கழித்தும் முந்தைய உரிமம் செல்லாது. ஆறாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில்தான் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். உங்களைப் போல ஒன்பதாம் மாதம் தாண்டிக் கேட்பவர்களே என்னிடம் அதிகம். தேர்வு மையங்களில் பல இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலையில், அக்டோபர் 13க்குள் உங்களுக்கு ஒரு தேதி கிடைத்து, முதல் முறையிலேயே வென்றும் விடுவீர்கள் என்று நம்பித் திட்டமிடுவது சரியில்லை. கிடைத்தால் நல்லது. அரசு இணையதளத்தில் ரத்தாகும் இடங்களை விடியற்காலையிலும் இரவிலும் பாருங்கள். தேதி வாங்கித் தருகிறோம் என்று கூடுதல் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நெருங்காதீர்கள்.

ஆகவே, ஒரு சில மாதங்கள் தனியாகக் கார் ஓட்ட முடியாத காலம் ஒன்று உங்களுக்கு வரும் என்று வைத்துக்கொண்டு, மேலாளரிடம் இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். இதைச் சொன்னால் வேலைக்கு ஆபத்து என்று நினைத்து மறைப்பவர்கள் உண்டு. உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பது வேலை கொடுப்பவருக்கும் குற்றம் என்பதால், விவரம் தெரிந்த எந்த மேலாளரும் முன்கூட்டியே சொன்னவரைக் குறை சொல்ல மாட்டார். இரண்டு மாத அவகாசம் இருந்தால் அவர்களால் ஏற்பாடு செய்ய முடியும்: இருவராகச் செல்லும் வீடுகளில் இன்னொருவரின் காரில் உங்களைச் சேர்க்கலாம், நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய நகரப் பகுதியைத் தரலாம், கிளினிக்கில் சில வாரம் போடலாம். அக்டோபர் 14 காலையில் சொன்னால் இவற்றில் ஒன்றுக்கும் வழி இருக்காது.

சலுகைக் காலம் முடிந்த பிறகு பயிற்சிக்காக ஓட்டும்போது பக்கத்தில் உட்காருபவர் 21 வயது நிறைந்தவராகவும், பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் போன்றவற்றின் முழு உரிமத்தை 3 ஆண்டுகள் வைத்திருந்தவராகவும் இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், கையில் துபாய் உரிமம் மட்டுமே உள்ள இன்றைய நிலையில் அந்தத் தகுதி இல்லை. காரின் முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும். காப்பீடும் கற்பவரை ஏற்றுக்கொள்ளும் வகைக்கு மாற வேண்டும்.

ஒன்பது ஆண்டு ஓட்டியவருக்குப் பயிற்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அங்கும் இடப்பக்கம், இங்கும் இடப்பக்கம் என்பதால் நம்மவர்களுக்கு வரும் நம்பிக்கையே தேர்வில் முதல் எதிரி. மதுரையில் பன்னிரண்டு ஆண்டு ஓட்டிய ஒருவர், ஒரு கீறல்கூட விழாத கையுடையவர், என்னிடம் பயின்று முதல் தேர்வில் தோற்றார். திசை மாறும்போதும் வேகம் மாறும்போதும் கண்ணாடிகளைப் பார்க்கவில்லை என்பதே காரணம். அவர் பார்க்காமல் இல்லை. நம் ஊரில் பழகியபடி ஓரக்கண்ணாலும் காதாலும் சாலையை அறிந்துகொண்டிருந்தார். தேர்வாளருக்குத் தெரிய வேண்டியது நடுக்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, தோளுக்கு மேல் ஒரு பார்வை, அதன் பிறகே இண்டிகேட்டர் என்ற வரிசை. 15 சிறு தவறுகள் வரை பொறுப்பார்கள். பெரிய தவறு ஒன்றுகூட கூடாது. ஒரே சிறு தவறு திரும்பத் திரும்ப வந்தால் அதுவே பெரிய தவறாகிவிடும்.

ரவுண்டானாவில் வலப்பக்கம் இருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முண்டியடித்து மூக்கை நுழைக்கும் பழக்கம்தான் விடுவதற்குக் கடினம். அதற்கு நேர்மாறாக, வெற்றிடம் இருந்தும் பயந்து நின்றுகொண்டே இருப்பதும் தவறு. ஸ்டாப் பலகை இருக்கும் இடத்தில் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ஊர்ந்தபடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் தேர்வு அங்கேயே முடிந்தது. 2022 ஜனவரி முதல், நீங்கள் திரும்பும் தெருவைக் கடக்கக் காத்து நிற்கும் பாதசாரிக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சாலை விதிநூல் சொல்கிறது. ஊரில் நாம் நினைத்தும் பார்த்திராத விதி இது.

விளக்கையும் ஹாரனையும் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அவற்றின் மொழியே வேறு. நம் ஊரில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை அடித்தால், நான் வருகிறேன், நீ நில் என்று பொருள். இங்கே அதே விளக்கைப் பலர், நான் நிற்கிறேன், நீங்கள் வாருங்கள் என்ற பொருளில் அடிக்கிறார்கள். இரண்டு பொருளும் குறுகிய பாலத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். விதிநூல் இரண்டையுமே ஏற்பதில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே விளக்கு என்கிறது. ஆகவே விளக்கை நம்பிப் போகாமல், எதிரே உள்ள வண்டி உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்த்துப் போங்கள். ஹாரன் நம்மிடம் மரியாதைக் குரல். இங்கே அது வசை போலக் கேட்கும். குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை அடிக்கவே கூடாது.

லிங்கன்ஷயருக்கென்றே ஒரு எச்சரிக்கை. வயல்களுக்கிடையே செல்லும் அந்த ஒற்றைச் சாலைகளில் 60 மைல் வரை அனுமதி என்பது உச்ச வரம்பு. அந்த வேகத்தில் போக வேண்டும் என்ற கட்டளை இல்லை. இலையுதிர் காலத்தில் அறுவடை டிராக்டர்கள் சாலையில் மண்ணைக் கொட்டிச் செல்லும், விடியற்காலை மூடுபனி வாய்க்கால் ஓரத்தை மறைத்துவிடும். உங்கள் முதல் நோயாளியின் வீடு அப்படிப்பட்ட சாலையில் இருந்தால் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள்.

பயிற்றுநரிடம் ஐந்தாறு வகுப்புகளாவது எடுங்கள். இந்தச் செலவில் கைவைக்க வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் தேர்வெழுதினால் சீக்கிரம் முடியும் என்று சொல்வார்கள். அதில் வென்றால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்ட முடியும். கியர் வண்டி ஓட்டிப் பழகியவர் நீங்கள். உங்கள் காரும் கியர் வண்டி என்றால் அதிலேயே எழுதுங்கள். தேர்வாளருக்கென ஒரு கூடுதல் கண்ணாடி பொருத்தி, எல் போர்டு மாட்டி, காப்பீடும் சாலை வரியும் எம்.ஓ.டி. எனப்படும் வாகனத் தகுதிச் சான்றும் சரியாக இருந்தால் சொந்தக் காரிலேயே தேர்வுக்குப் போகலாம். இருந்தாலும் பயிற்றுநரின் காரில் போவதைத்தான் நான் விரும்புவேன். தேர்வுப் பாதைகளை அந்தக் காரிலேயே பழகியிருப்பீர்கள்.

உங்கள் கணவரின் நிலைமை எளிது. ஐக்கிய அரபு அமீரகம் 2021 முதல் பிரிட்டன் அங்கீகரித்த நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் இல்லை. துபாயிலேயே தேர்வு கொடுத்து வாங்கிய உரிமம் என்பதால் அதை அஞ்சலில் டி.வி.எல்.ஏ.வுக்கு அனுப்பி, 43 பவுண்டு கட்டி, தேர்வே இல்லாமல் இந்த நாட்டு உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். அவருடைய 12 மாதக் கணக்கு அவர் வந்த பிப்ரவரியிலிருந்து தனியாக ஓடுகிறது. உங்கள் அக்டோபருக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாற்றிக்கொள்ள 5 ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், 12 மாதம் முடிந்த பின் மாற்றாமல் ஓட்ட முடியாது. துபாய் உரிமம் காலாவதி ஆவதற்குள், இந்த மாதமே அனுப்பச் சொல்லுங்கள். கியர் வண்டியில் தேர்வு கொடுத்தவர் என்றால் அதற்கான சான்று இருக்கிறதா என்றும் தேடிப் பார்க்கட்டும்.

கல்யாணத்துக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். விமானம் ஏறுவதற்கு முன் ப்ரொவிஷனலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்; தியரி தேர்வைத் திரும்பி வந்த வாரத்திலேயே வைத்துக்கொண்டால், ஊரில் மத்தியான வேளைகளில் கைபேசியிலேயே படித்துவிடலாம். அக்டோபர் 14 முதல் நீங்கள் ஓட்டாவிட்டாலும் கார் தெருவில் நின்றால் அதற்குக் காப்பீடும் வரியும் இருந்தாக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அதற்குள் கணவரின் பெயரையும் அவருடைய உரிம விவரத்தோடு அந்த ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால், அவர் ஓட்ட, நீங்கள் கிளினிக் வாசலில் இறங்கிக்கொள்ளலாம்.